மூக்கில் ஒரு வெள்ளைக் கிளி

காவல் நிலைய வாசலில் செருப்புகள் பறந்துகொண்டிருந்தன.

புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திய கார்முகில் ஹெல்மெட்டைக் கழற்றப் போனான். மனசை மாற்றிக்கொண்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

"இறங்குங்க மேடம். நம்ம சைஸுக்கு ஒரு ஜோடி வந்து வுழுந்தா எடுத்துக்கலாம்."

பின்னாலிருந்து இறங்கிய பூங்கோதை சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வருஷக்கணக்கில் விபத்துகளை விசாரித்தவள். பொய்யான கட்டுகளையும் உண்மையான காயங்களையும் பார்த்துப் பார்த்துச் சலித்தபிறகு, விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு மாடியறையைப் பிடித்துச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். அந்த அலுவலகத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன், எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன் எல்லாம் கார்முகில் ஒருத்தன்தான்.

"வெளிய வுடுங்க அவனை! ஊருக்குள்ள ப்ளேனு வுடுற வாத்தியாரை நாங்க பாத்துக்கறோம்!" கூட்டத்தின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான் மாயவன். அடிபட்ட பாஞ்சாலையின் தம்பி.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செராமிக் தொழிற்பேட்டைச் சாலையில் நடந்து போன பாஞ்சாலைமீது, ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் ஒன்று வந்து மோதியது. தோள் எலும்பு முறிந்துவிட்டது. விருத்தாசலத்தில் அந்த மாதிரி விமானம் விடுகிறவர் பாலிடெக்னிக் ஆசிரியர் அன்புச்செல்வன் ஒருத்தர்தான். அந்த நேரத்தில் சாலைக்கு அப்பால் உள்ள மைதானத்தில் விட்டுக்கொண்டும் இருந்தார். 'என்னுதுதான்' என்று அவரே ஒப்புக்கொண்டும் விட்டார். இன்று சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

அவர் மனைவி சிவசங்கரி காலையில் அலுவலகத்துக்கு வந்து அழுதாள். "தப்பு பண்ணியிருந்தா தண்டனை வாங்கட்டும் மேடம். ஆனா அவரு வெங்காயம் நறுக்கக் கத்தியெடுத்தாக்கூட யாரும் கிட்ட நிக்கக் கூடாதும்பாரு. அவரு போய் ஒரு பொம்பளை மேல..."

அந்த வெங்காயம்தான் பூங்கோதையை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் சாமிக்கண்ணு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது விபத்துன்னா நானே சின்ன செக்ஷன்ல முடிச்சு அனுப்பிடுவேன். ஆனா இவரு பொய் சொல்றாரு. மோட்டாரை நிறுத்திட்டேன்றாரு. ரோட்டுல நின்ன அத்தனை பேரும், மோட்டாரு அலறிக்கிட்டு முழு வேகத்துல வந்துச்சுன்றாங்க. அந்த மைதானத்துல வுடாதேன்னு மாயவன் போன மாசம் இவர்கிட்ட சண்டை போட்டிருக்கான். அவன் அக்கா மேலயே வந்து மோதுனா நான் என்னன்னு எழுதறது? வேணும்னே செஞ்சதுன்னுதான் எழுதணும்."

"அவர்கிட்ட பேசலாமா?"

"பேசுங்க. பொருளைத் தொட்டுப் பாக்கலாம். ஆனா அவர் கண்ணுல காட்டக் கூடாது. நாளைக்குக் கோர்ட்டுல எனக்குத்தான் கேள்வி வரும்."

பக்கத்து அறையில், சட்டைப் பை கிழிந்து தொங்க, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அன்புச்செல்வன். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது.

"பேட்டரியை மணல்ல வெச்சாங்களா?"

"எந்த பேட்டரி?"

"ப்ளேன்ல இருக்கற பேட்டரி மேடம். லித்தியம். அடிபட்டுதுன்னா உள்ளுக்குள்ள சூடேறும். நேத்து வுழுந்தது இன்னைக்குக்கூட பத்திக்கும். ராத்திரியெல்லாம் சொல்றேன், யாரும் காதுல வாங்கல."

கார்முகிலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், வெளிய உங்களைக் கொளுத்தணும்னு நிக்கறாங்க. நீங்க ஸ்டேஷன் பத்திக்குமேன்னு கவலைப்படறீங்க."

"ஸ்டேஷன்ல ஆளுங்க இருக்காங்களே தம்பி."



"நேத்து என்ன நடந்துச்சு?" என்றாள் பூங்கோதை.

"எப்பவும் போல எல்லாம் சரிபாத்துட்டுதான் ஏத்தினேன். மைதானத்துல வேற யாரும் இல்ல. பேட்டரி தீர்றதுக்கு முன்னாடியே எறக்கிடணும்னு டைமர் வெச்சிருப்பேன். அது அடிச்சிடுச்சு. எறக்கலாம்னு திருப்பறேன், திரும்பல. இடதுன்னா வலது போவுது. மேலன்னா கீழ வருது. கை மீறிப் போச்சுன்னா ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும். மோட்டாரை நிறுத்திடணும். வேகமில்லாம வுழுந்தா சேதம் கம்மி. நிறுத்திட்டேன் மேடம். ஆனா அது அலறிக்கிட்டே போய்..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஓடிப் போய் அந்தம்மாவைத் தூக்கினேன். அதுக்குள்ள கூட்டம் வந்து அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"விழுந்த ப்ளேனைக் கிட்டப் பார்த்தீங்களா?"

"எலும்பு ஒடைஞ்சு ஒரு மனுஷி கெடக்கும்போது அதை எங்க பாக்கறது? வெள்ளை றெக்கை, ஆரஞ்சுப் பட்டை. என்னுதுதான்."

"பேர் ஏதாவது எழுதியிருப்பீங்களா?"

"பேட்டரி மூடிக்கு உள்பக்கம் பேரும் போன் நம்பரும் ஒட்டியிருப்பேன். காணாமப் போனா எடுத்தவங்க கூப்பிடணும்ல."

"மூக்குப் பக்கம் கனத்துக்கு ஏதாவது வைப்பீங்களா?"

"பின்பக்கம் கனமா இருந்தா வைக்கணும். இல்லன்னா நிதானம் இருக்காது. என்னுதுக்குத் தேவைப்படல. ஏன் மேடம்?"

"பொருளைப் பாக்கறதுக்கு முன்னாடி எல்லாம் தெரிஞ்சுக்கணும்," என்றாள் பூங்கோதை. பின்கட்டு வராந்தாவுக்குப் போய், மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்தாள்.

தெர்மாகோல் மாதிரியான வெள்ளைத் துண்டுகள். ஒடிந்த இறக்கையில் ஆரஞ்சுப் பட்டை. வயர் கழன்ற நிலையில் பேட்டரி மட்டும் அதைக் கட்டிய வாரில் இறுக்கமாக நின்றிருந்தது. அன்புச்செல்வனின் பெட்டியும் அங்கேயே இருந்தது. அதிலிருந்து சார்ஜ் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்துப் பேட்டரியில் செருகினாள். எண்கள் எரிந்தன.

"ஏறக்குறைய முழுசா இருக்கு," என்றாள்.

"நம்ம பைக்குல பெட்ரோல் முள்ளு இப்படி நிக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல."

"யோசி முகில். டைமர் அடிக்கிற வரைக்கும் பறந்த ப்ளேன்ல பேட்டரி எப்படி நிறைஞ்சிருக்கும்?"

கார்முகில் யோசித்தான். மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அவள் அதற்குள் பேட்டரியைப் பிரித்து, சுவரில் தொங்கிய தீயணைப்பு மணல் வாளிக்குள் புதைத்திருந்தாள். பிறகு பேட்டரி மூடியைத் திருப்பிக் காட்டினாள். வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. பெயர் இல்லை. எதையும் ஒட்டிக் கிழித்த பிசுக்குக்கூட இல்லை.

"நிறுத்தின மோட்டார் அலறாது. பறந்து களைச்ச பேட்டரி நிறையாது. ஒட்டின பேரு தானா அழியாது. இது அவரோட ப்ளேனே இல்ல."

"அப்ப அவரோடது?"

"அவர் சொன்ன மாதிரியே மோட்டார் நின்னு, எங்கயோ அமைதியா விழுந்து கிடக்கு." பூங்கோதையின் குரல் இறுகியது. "அடிபட்ட பேட்டரியோட."

உடைந்த மூக்குப் பகுதியை அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே, பசை வழிய ஒட்டிவைத்த ஒரு பொருள். கட்டைவிரல் அளவு. வெள்ளை வெளேரென்ற பீங்கான் கிளி.

சாமிக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "புத்திசாலித்தனமா இருக்குது மேடம். ஆனா அவரே ஒத்துக்கிட்டாரே. இன்னொரு ப்ளேனு எங்க, வுட்ட ஆளு எங்க? சாயங்காலத்துக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல இந்தக் கூட்டத்தை என்னால தாங்க முடியாது."

வெளியே ஒரு கல் வந்து ஜன்னல் கம்பியில் 'ணங்'கென்று விழுந்தது.

கிளியை மட்டும் வாங்கிக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

தொழிற்பேட்டையில் அகல் விளக்குகளும் ஃப்யூஸ் கட்டைகளும் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பொம்மை செய்கிற யூனிட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். "இது எங்களுது இல்லீங்க," "எங்களுதுல மூக்கு வளைஞ்சிருக்கும்," என்று கை காட்டிக் கை காட்டி, கடைசியில் கோடிக்கட்டடத்தில் சூப்பர்வைசர் ஜெயஸ்ரீயிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

"நம்மளுதுதான். புது அச்சு. இன்னும் கடைக்கே போவலயே, உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?" என்றாள் அவள் சந்தேகமாக.

"பறந்து வந்துச்சு," என்றான் கார்முகில்.

பூங்கோதை கிளியைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் ஒரு பிறையும் புள்ளியும் கீறியிருந்தன. "இது என்னங்க?"

"பச்சைப் பொம்மையைத் தேய்ச்சு வழுவழுப்பாக்கறவங்க போடற அடையாளம். சூளையில வெடிச்சா யாரு கையில பதம் தப்பிச்சுன்னு தெரியணும் இல்லீங்களா? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு. பிறையும் புள்ளியும்னா..." ஜெயஸ்ரீ சட்டென்று நிறுத்தினாள். "அய்யோ. பாஞ்சாலையக்கா."

 சுற்றிலும் சூளையின் அனல் அடித்துக்கொண்டிருந்தது. கார்முகிலின் கைமுடி மட்டும் சிலிர்த்து நின்றது.

"இதை வெளிய யார் எடுத்துட்டுப் போயிருப்பாங்க?"

"கோணலா வந்ததை அவங்கவங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க மேடம். இது பாருங்க, வாலு சாஞ்சிருக்குது. அக்காவேதான் கொண்டு போயிருக்கணும்."

வெளியே வந்ததும் கார்முகில் வெடித்தான். "என்ன மேடம் இது? அந்தம்மா தேய்ச்ச கிளி, இன்னொருத்தன் ப்ளேன் மூக்குல ஏறி, அந்தம்மா தோளையே உடைக்குதா?"

"அது இன்னொருத்தன் ப்ளேனா இருந்தாத்தானே?" என்றாள் பூங்கோதை.

அவள் பார்வை எதிரே இருந்த பூட்டிய பழைய ஷெட்டின் மேல் நின்றது. பக்கவாட்டில் துருப்பிடித்த இரும்புப் படி. அது பாட்டுக்குப் பூட்டிக் கிடக்கிற கட்டடம். ஆனால் படியின் கைப்பிடி மட்டும் ஆட்கள் ஏறி இறங்கிப் பளபளத்தது. இருவரும் ஏறினார்கள். மொட்டைமாடித் தரையில் அங்கங்கே ஆரஞ்சு டேப்பின் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தன.

மாடியிலிருந்து எல்லாம் தெரிந்தது. காலடியில், ஷெட்டிலிருந்து கரும்புக்காட்டை நோக்கிப் போய்த் திரும்பும் தொழிற்பேட்டைச் சாலை. அதைத் தாண்டி, வெட்டுக்குக் காத்திருக்கும் கரும்புக்காடு. அதற்கும் அப்பால் அன்புச்செல்வனின் மைதானம்.

"மைதானத்துலேர்ந்து வந்திருந்தா, அந்தப் பக்கமா நடந்து போன பாஞ்சாலைக்கு எதிர்ல வந்திருக்கும்," என்று மெதுவாகச் சொன்னாள் பூங்கோதை. "இங்கேருந்து போயிருந்தா முதுகுல. வண்டியை எடு. ஆஸ்பத்திரிக்கு."

பாஞ்சாலை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டு இடது தோளின் பின்பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் கார்முகில் பூங்கோதையைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே 'சும்மாயிரு' என்றாள்.

"எப்படிம்மா ஆச்சு?"

"எதுத்தாப்புல வந்துச்சு மேடம். மைதானத்துப் பக்கமிருந்து. அந்த வாத்தியாரு வுட்டதுதான்." பாடம் ஒப்பிப்பது போல வந்தது.

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எதிர்ல வந்தது முதுகுல எப்படிம்மா அடிச்சுது?"

  பூங்கோதை அந்த வெள்ளைக் கிளியைப் படுக்கை விரிப்பின்மேல் மெல்ல வைத்தாள். வால் சாய்ந்த கிளி ஒருபக்கமாக உருண்டு பாஞ்சாலையின் விரல்களில் முட்டி நின்றது.

பாஞ்சாலை அதை எடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. கண்ணில் நீர் மட்டும் மூக்குத்தண்டைத் தாண்டித் தலையணையில் இறங்கியது.

பூங்கோதை குனிந்து, கோபமில்லாமல் கேட்டாள். "அடிபட்டவங்களே பொய் சொல்றாங்கன்னா, யாரையோ காப்பாத்தறாங்கன்னு அர்த்தம். உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. காவியா. அந்த சார்கிட்டதான் படிக்குது." உடைந்துபோய்ப் பேசினாள் பாஞ்சாலை. "தனியா வுடக் கூடாதுன்னு சாரு சொல்லியிருக்காரு. இது கேக்கல. அவரோடது மாதிரியே ஒண்ணு செஞ்சுது. மூக்குல கனம் வேணும்னுச்சு, நான்தான் கிளியைக் குடுத்தேன். நேத்து நானும் மாடியில நின்னு பாத்துட்டுத்தான் எறங்கி வூட்டுக்கு நடந்தேன். அந்த சாரு மகராசரு, வேலையில இருக்கறவரு. வக்கீல் வெப்பாரு, வெளிய வந்துடுவாரு. எம்பொண்ணு மேல போலீஸ் கேஸுன்னு ஒண்ணு வுழுந்தா அப்புறம் எந்தக் கம்பெனி வேலை குடுக்கும்? ரோட்டுல கெடக்கும்போதே சத்தியம் வாங்கிட்டேன், வாயைத் தொறக்காதேன்னு."

"காவியா இப்ப எங்க?"

"ஒரு ப்ளேனு கரும்புக்குள்ள எறங்கினதை மாடியிலேருந்து பார்த்துச்சாம், அது சாரோடதாத்தான் இருக்கணும்னுச்சு. தேடி எடுக்கறேன்னு காலையில போனது. போன் எடுக்க மாட்டேங்குது."

"எடுத்து என்ன செய்யப் போறா?"

பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டாள். "கெடைச்சா கொளுத்திடுன்னு சொன்னேன் மேடம்."

அடுத்த நொடி பூங்கோதை வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

கரும்புக்காட்டின் ஓரத்தில் பைக்கைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தபோது, கார்முகிலுக்கு முதலில் தெரிந்தது காய்ந்த தோகையின் சத்தம்தான். காலடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு. ஒரு தீப்பொறி போதும், மொத்தக் காடும் எழுந்து நிற்கும்.

"காவியா!" என்று கத்தினாள் பூங்கோதை. "தீக்குச்சியைத் தொடாதே! நாங்க போலீஸ் இல்ல!"

தோகைகள் முகத்தைக் கிழித்தன. பதில் வரவில்லை. கார்முகில் ஒரு வரிசையில், பூங்கோதை அடுத்த வரிசையில். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் அவன் மூக்கில் அந்த வாசனை ஏறியது. அழுகின பழமும் நகப்பூச்சும் கலந்தது போல ஒரு தித்திப்பு வாடை. கரும்பின் வாசனை இல்லை.

"மேடம், இந்தப் பக்கம்!"

இரண்டு வரிசைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள் காவியா. பாலிடெக்னிக் சீருடை. கையெல்லாம் தோகை கிழித்த கோடுகள். மடியில், மூக்கு நசுங்கிய வெள்ளை விமானம். பக்கத்தில் பிரிக்காத தீப்பெட்டி. அவள் எதையும் கொளுத்தியிருக்கவில்லை. பேட்டரி மூடியை மட்டும் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த விமானத்தின் வயிற்றுக்குள் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. அதிலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது அவளுக்குத் தெரியவே இல்லை.

'உஸ்ஸ்' என்றது அது.

"கீழ போடாதே!" பூங்கோதையின் குரல் கிழிந்தது. "சருகுல விழுந்தா எல்லாரும் போய்டுவோம்!"

கார்முகில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருப்பான், வேறு திசையில். பாய்ந்து விமானத்தின் வாலைப் பிடித்துத் தூக்கினான். உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே ஓடினான். புகை கறுத்தது. சீறல் விசிலாக மாறியது. தோகை உரசும் ஒவ்வொரு முறையும் விமானத்தை இன்னும் உயரத் தூக்கினான். காடு முடிந்தது. எதிரே தண்ணீரில்லாத வாய்க்கால், அடியில் மணல். வீசினான்.

மணலில் விழுவதற்கு முன்பே அது பற்றிக்கொண்டது. வெள்ளைத் தீ, ஆள் உயரத்துக்கு, குழாயில் தண்ணீர் பீச்சுவது போலப் பீச்சியது. இறக்கைகள் சுருண்டன. ஆரஞ்சுப் பட்டை கறுத்தது. கரைப்பக்கம் தெறித்த பொறிகளைப் பின்னால் ஓடிவந்த பூங்கோதை மண்ணை உதைத்து உதைத்து அணைத்தாள்.

கார்முகில் கரையில் உட்கார்ந்துவிட்டான்.  "மேடம், நாளையிலேர்ந்து காணாமப் போன ஆடு, மாடு கேஸ் மட்டும் எடுப்போம்."

காவியா கரும்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கையில் அந்த மூடி இன்னும் இருந்தது.

கார்முகிலுக்கு அப்போதுதான் உறைத்தது. விமானம் எரிந்துகொண்டிருக்கிறது. அன்புச்செல்வனுடையது என்று சொல்ல இனி உலகத்தில் இருப்பது அந்த மூடி ஒன்றுதான். அவளுக்கும் தீக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கரைதான். அவன் எழப் போனான். பூங்கோதை அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

காவியா தீயைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். கரை ஓரம் வரை போனாள். வெப்பம் அவள் முகத்தில் அலையலையாக மோதியது. 

பிறகு திரும்பி வந்து பூங்கோதையிடம் மூடியை நீட்டினாள். அன்புச்செல்வனின் பெயர், தொலைபேசி எண், அடியில் நீல மையில் ஒரு வரி.

"'கண்டெடுத்தவர்கள் அழைக்கவும்'னு போட்டிருக்குது மேடம்," என்றாள்.  "காலையில கெடைச்சதுலேருந்து இதையேதான் படிச்சுட்டிருக்கேன். நான்தானே கண்டெடுத்தேன்? கூப்பிட்டா யாரு எடுப்பாங்க?"

"போனை ஸ்டேஷன்ல வாங்கி வெச்சிருக்காங்க. நேர்ல போய்ச் சொல்லிடலாம், வா."

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அம்மா என்கிட்ட சொல்லிட்டாங்க. உனக்கு இனிமே சத்தியம் இல்ல." பூங்கோதை அவள் கையிலிருந்த கீறல்களைத் துடைத்துவிட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன் முழு வேகம் குடுத்தே?"

"வுழப்போவுதுன்னு நெனச்சேன் மேடம்! மோட்டாரு நின்னு சும்மா எறங்கிச்சு. தூக்கிடலாம்னுதான்..."

"நின்னது உன் ப்ளேன் மோட்டாரா?" என்று கேட்டாள் பூங்கோதை. காவியா விழித்தாள். "மிச்சத்தை உங்க சார் முன்னாடி பேசு. அவருக்கும் இது தெரியணும்."

ஆட்டோவில் பூங்கோதையும் காவியாவும், பின்னால் பைக்கில் கார்முகில். காவல் நிலைய வாசலில் கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. வேன் தயாராக நின்றது. அன்புச்செல்வனை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். மாயவன் கான்ஸ்டபிளின் கையைத் தட்டிவிட்டு முன்னேறினான்.

"மாமா!"

மாயவன் திரும்பினான். "நீ இன்னாத்துக்கு இங்க வந்த? அம்மாகிட்ட யாரு இருக்கா?"

"அவரை வுடு மாமா. அம்மா மேல வுழுந்தது சாரோடது இல்ல." காவியா மூச்சை இழுத்தாள். "என்னுது. ஷெட்டு மாடியிலேருந்து நான்தான் வுட்டேன்."

  மாயவனின் ஓங்கிய கை எங்கே இறங்குவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

சாமிக்கண்ணு எல்லாரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். பூங்கோதை மூடியை அவர் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் கிளியையும்.

"சொல்லும்மா," என்றார் சாமிக்கண்ணு.

காவியா அன்புச்செல்வனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களுது மாதிரியே பட்டை அடிச்சிருந்தேன் சார். நீங்க அந்தப் பக்கம் வுட்டுட்டிருந்தீங்க. நானும் ஏத்திட்டு, உங்க பக்கமா கொண்டாந்து காட்டலாம்னு நெனச்சேன். கரும்புக்கு மேல ரெண்டும் குறுக்க போச்சு. எது எதுன்னு ஒரு செகண்டு தெரியல. அப்புறம் என் ப்ளேன் மோட்டாரு நின்னு, எறங்க ஆரம்பிச்சுது. பயந்துட்டு முழு வேகம் குடுத்தேன். எவ்ளோ குடுத்தும் அது ஏறவே இல்ல சார். கரும்புக்குள்ள போயிடுச்சு. அப்பதான் ரோட்டுல அம்மா கத்தினாங்க. ஓடிப் போய்ப் பாத்தா அங்க கெடந்தது என்னுது, எப்படின்னே புரியல சார்."

  அன்புச்செல்வன் தன் வலது கையையும் இடது கையையும் எதிரெதிராகக் கொண்டுவந்து, குறுக்காகக் கடக்கவிட்டு, அந்தக் கைகளையே பார்த்தார்.

"கரும்புல எறங்கினது என்னுது," என்றார். "நீ பாத்துட்டிருந்தது என்னுதைம்மா."

காவியா நிமிர்ந்தாள்.

"நான் பாத்துட்டிருந்தது உன்னுதை. அதான் நான் எதைத் திருப்பினாலும் திரும்பல. நான் நிறுத்தினேன், என்னுது நின்னுது. நீ வேகம் குடுத்தே, உன்னுது அலறிக்கிட்டு வட்டமடிச்சு ஷெட்டுப் பக்கமிருந்து ரோட்டுல எறங்கிச்சு. ரெண்டு பேரு கண்ணும் மாறிப் போச்சு." அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என் பக்கத்துல ஒரு ஆளு நின்னு வானத்தைப் பாத்திருந்தா, 'இன்னொண்ணு வருது சார்'னு சொல்லியிருப்பான். எப்பவும் கூட வர்ற பையன் நேத்து வரல. ஒரு நாள்தானேன்னு நான் தனியாவே ஏத்திட்டேன்."

சாமிக்கண்ணு எழுதி வைத்திருந்த தாளைத் தள்ளி வைத்தார். "வேணும்னு செஞ்சது யாரும் இல்ல. அஜாக்கிரதை, காயம். சின்ன செக்ஷன்தான். சார் மேல போட்டதை எடுத்துடறேன். இந்தப் பொண்ணு மேல கேஸு வரும், அதைத் தவிர்க்க முடியாது. ஸ்டேஷன் ஜாமீன்லயே போவலாம். யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும்."

கதவோரம் நின்ற மாயவன், "நான்..." என்று தயங்கி முன்னே வந்தான்.

அதற்குள் மேஜைமேல் இருந்த பேனாவை அன்புச்செல்வன் எடுத்துவிட்டிருந்தார். கிழிந்த சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நேற்று மாயவன் அடித்து வீங்கியிருந்த மறு கையால் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு இந்தப் பொண்ணு என்ன வேணும்னு போடறது?" என்றார் சாமிக்கண்ணு.

காவியா தலையைக் குனிந்துகொண்டாள். இனி அந்த வகுப்பறைக்குள் கால் வைக்கவே முடியாது என்று ஆட்டோவில் வரும்போதே அவள் முடிவுகட்டியிருந்தது கார்முகிலுக்குத் தெரியும். பூங்கோதையிடம் அவள் சொன்னது பைக் வரைக்கும் கேட்டது.

"என் ஸ்டூடண்டுன்னு போடுங்க," என்றார் அன்புச்செல்வன்.

நேற்றிலிருந்து அழாத பெண், அப்போதுதான் அழுதாள்.